நீதிமன்றமும் புகைப்படப் பெட்டியும்

(யூபிலி ஆண்டையொட்டி நம் பங்கின் இளைஞர் மன்றத்தார் நடத்திய புகைப்படக் கண்காட்சியின் தொடக்கத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

இந்தக் கண்காட்சியைத் திறந்து வைத்துச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று இளைஞர் மன்றத்தார் கேட்டபோது, "சாமி, கொஞ்சம் சுருக்கமா இருக்கட்டும்" என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தே கேட்டார்கள். ஞாயிறு பிரசங்கத்தில் நான் காப்பாற்றாத நிபந்தனையை இங்கே காப்பாற்றுவேன் என்று நம்புகிறார்கள். அவர்களுடைய விசுவாசம் பெரிது!

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் பூசை முடிந்த பிறகு, பெரியவர் ஒருவர் சக்கிரீஸ்து வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அவருடைய மகன் இங்கே ஒரு பெரிய கம்பெனியில் நல்ல வேலையில் இருப்பவன். "சாமி, நீங்கதான் அவனுக்குப் புத்தி சொல்லணும். ஓவர்டைம் கூப்பிட்டா போக மாட்டேங்குறான். லீவு நாள்னா கேமராவத் தூக்கிக்கிட்டு ஒகேனக்கல் போயிடுறான். பரிசல்ல உக்காந்து படம் புடிக்கிறானாம். சம்பளத்துல பாதி அந்தக் கேமராவுக்கே போயிடுது. இது சோறு போடுமா சாமி?" என்றார். நான் அன்று அவருக்குச் சரியான பதில் எதுவும் சொல்லவில்லை. "ஜெபிப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் தெரியாதபோது குருக்களாகிய நாங்கள் சொல்லும் பதில் அதுதான் என்பது உங்களுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு மனம் உறுத்தியது. இன்று அந்தப் பெரியவரும் வந்திருக்கிறார், மகனும் வந்திருக்கிறான். வேறு வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இன்று உங்கள் எல்லாருடைய முன்னிலையிலும் சொல்லப் பார்க்கிறேன்.

அதற்கு நீதிபதி ஒருவரின் வரலாறு எனக்கு வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கக் குரு ஒருவர் நீதிபதியைப் பற்றிப் பேச எழுந்தால் அது மாயூரம் வேதநாயகம் பிள்ளையாகத்தான் இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். முன்சீப் வேலை பார்த்தவர், தமிழின் முதல் நாவலைத் தந்தவர். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் அவருடையது. ஆனால் அவரைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. நான் இன்று பேச வந்தது அ. மாதவையாவின் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி.

மாதவையா உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். உத்தியோகத்தோடு நிற்காமல் நாவல்கள் எழுதினார். 1898இல் பத்மாவதி சரித்திரம் எழுதினார். பாளையங்கோட்டையில் திருமுழுக்குப் பெற்ற கிளாரிந்தா அம்மையாரை வைத்து 1915இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலும் எழுதினார். 1925ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே உயிர்விட்டார். அவருக்கு எட்டுப் பிள்ளைகள். அவர்களில் இருவர் நமக்கு வேண்டியவர்கள்.

மூத்தவர் மா. அனந்தநாராயணன். ஐ.சி.எஸ். தேறியவர். 1966 முதல் 1969 வரை சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார். நீதித்துறையில் அதற்குமேல் இங்கே ஏற இன்னும் எத்தனை படி இருக்கிறது? அப்படிப்பட்டவர் ஓய்வு நேரத்தில் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். பெயர் 'தி சில்வர் பில்கிரிமேஜ்'. இலங்கை இளவரசன் ஒருவன் காசிக்கு யாத்திரை போகும் கதை, 1961இல் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. ஆசிரியரின் பெயரைப் பத்திரிகையில் பார்த்தார். அனந்தநாராயணன் என்ற அந்த நீண்ட பெயரின் ஓசையில் மயங்கி அதை வைத்தே ஒரு வேடிக்கைக் கவிதை எழுதிவிட்டார். நம்மூர் நீதிபதியின் பெயர் உலகம் சுற்றியது அவருடைய பொழுதுபோக்கினால்தான்.

கடைசிப் பிள்ளை மா. கிருஷ்ணன். 1912 ஜூன் 30ஆம் தேதி பிறந்தவர். தந்தை இறந்தபோது வயது பதின்மூன்று. மாநிலக் கல்லூரியில் படித்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசன் துரையோடு மலைகளில் செடி கொடிகளைத் தேடி அலைந்தார். பிறகு சட்டமும் படித்துத் தேறினார். அண்ணனைப் போலவே இவரும் பெரிய வேலையில் அமர்வார் என்று வீட்டில் நினைத்திருக்கலாம். இவரோ அங்கொரு வேலை இங்கொரு வேலை என்று சில வருடங்களைக் கழித்தார். பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தார். அந்த நாளில் அவரைப் பார்த்து எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்களோ, என்னால் ஊகிக்க முடிகிறது.

1942இல் சண்டூர் சமஸ்தானத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. சண்டூர் எங்கே என்று கேட்பீர்கள். நம் எல்லையைத் தாண்டிப் பெங்களூர் போய், அங்கிருந்து ஹம்பி, ஹொஸ்பேட் பக்கம் போனால், மலைகள் சூழ்ந்த ஒரு சிறிய நாடு. கோர்படே என்னும் மராத்திய வம்சத்தார் ஆண்டது. 1949இல் சமஸ்தானம் இணைந்தபோது சென்னை மாகாணத்துப் பெல்லாரி ஜில்லாவில் சேர்ந்தது. 1953இல் பெல்லாரியோடு மைசூருக்குப் போயிற்று. எல்லைக்கோடு இப்படி நகர்வதெல்லாம் ஓசூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சின்ன சமஸ்தானத்தில் ஓர் ஆளுக்கு ஒரு வேலை என்றிருக்காது. கிருஷ்ணன் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தார். நீதிபதியாக இருந்தார். விளம்பர அதிகாரியாக இருந்தார். மகாராஜாவின் அரசியல் செயலாளராகவும் இருந்தார். இத்தனைக்கும் நடுவில் ஆடு மேய்த்துப் பார்த்தார், புறா வளர்த்தார், புறா மூலம் தபால் அனுப்பும் சோதனையும் செய்தார். அந்த வேலையை அவர் ஏற்றுக்கொண்டதற்குக் காரணமே சண்டூரைச் சுற்றியிருந்த காடுதான். உத்தியோகத்துக்காகக் காட்டைவிட்டுப் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். காட்டுக்காக நீதிபதி உத்தியோகம் பார்த்தவரை நான் இவர் ஒருவரைத்தான் அறிவேன்.

1949இல் சமஸ்தானம் போயிற்று. நாற்காலியும் போயிற்று. சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். 1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இருவாரத்துக்கு ஒருமுறை இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 1996 பிப்ரவரி 18ஆம் தேதி மறையும் வரை, நாற்பத்தாறு வருடம் அதை எழுதினார். 1968இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வுநிதி கிடைத்தது; பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய விலங்குகளைப் பற்றி அவர் செய்த கணக்கெடுப்பைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. தமிழிலும் எழுதியிருக்கிறார். சு. தியடோர் பாஸ்கரன் அவற்றில் பலவற்றைத் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகமாகத் தந்திருக்கிறார். நம் பங்கு நூலகத்துக்கும் ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். கடைசியாக அதை எடுத்துப் போனவர் யார் என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சண்டூர் நாற்காலியில் அமர்ந்து அவர் எந்த வழக்கில் என்ன தீர்ப்புச் சொன்னார் என்று இன்று கேட்டால் யார் சொல்வார்? ஆனால் நீதிபதியின் பழக்கம் அவருடைய எழுத்தில் தங்கிவிட்டது என்பது என் எண்ணம். தான் நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, ஊகம் எது என்று பிரித்துப் பிரித்து எழுதுவார். யாரோ ஒரு வேட்டைக்காரர் சொன்ன கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டார். சண்டைக்காரர் என்றும் பெயர் வாங்கியவர். வெளிநாட்டு மரங்களை நம் காடுகளில் புகுத்துகிறார்களே என்று எழுதி எழுதிப் பலரைக் கோபப்படுத்தினார். இங்கே தைல மரத் தோப்புகளுக்கு நடுவில் வாழும் நமக்கு அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் முன்பே எட்டியிருக்கலாம்.

அவருடைய கேமராவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் தம்பிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார். கேமராவின் உடல் ஒரு கம்பெனி, தொலை லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற உதிரிகள் எங்கெங்கிருந்தோ. எல்லாவற்றையும் தன் கையாலேயே பொருத்தி வைத்திருந்தார். அசாமில் தேயிலைத் தோட்டம் நடத்தியவரும் காட்டுயிர் ஆய்வாளருமான இ. பி. ஜீ அந்தக் கருவியைப் பார்த்துவிட்டு, அதைக் கட்டி நிறுத்தக் கம்பியும் வளையமும் உள்ளே எங்கேயாவது இருக்கத்தான் வேண்டும் என்ற பொருளில் கேலியாக எழுதியிருக்கிறார். கிருஷ்ணன் அதற்கு வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. அந்தப் பாரத்தோடு முதுமலையில் யானை மேலேறிக் காட்டு யானைகளைப் படமெடுத்தார். இன்றைய கேமராவில் விரலை எடுக்காமல் நூறு படம் எடுத்து, அப்புறம் வீட்டுக்கு வந்து தொண்ணூற்றொன்பதை அழிக்கிறோம். அந்நாளைய 120 அளவுச் சுருளில் சதுரப் படமானால் மொத்தமே பன்னிரண்டு. சுருளைக் கழுவும் வரை ஒன்றாவது தேறியதா என்று தெரியாது. பார்த்து, காத்திருந்து, பிறகுதான் பொத்தானை அமுக்க முடியும். நான் குருமடத்தில் இருந்தபோது என்னிடம் ஒரு 'ஹாட்ஷாட்' கேமரா இருந்தது. ஒரு சுற்றுலா முழுவதும் லென்ஸின் ஓரத்தில் என் விரலையே படமெடுத்து வந்தவன் நான் என்பதால், இந்தப் பொறுமையின் அருமை எனக்குத் தெரியும்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். கிருஷ்ணன் கேமராவோடு போன காடுகளில் பெரியாறும் ஒன்று. 1895இல் பென்னிகுயிக் கட்டிய அணையால் பள்ளத்தாக்கு மூழ்கி உண்டான ஏரி அது. மூழ்கிய மரங்களின் பட்ட முண்டங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. அங்கே மிருகங்களைப் படகிலிருந்துதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். யானை அந்த ஏரியைத் துதிக்கையை மேலே தூக்கிக்கொண்டு நீந்திக் கடக்கும். நடந்து வரும் மனிதனைக் கண்டால் காட்டுக்குள் மறைந்துவிடும் மிருகம், மெதுவாக வரும் படகை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் படகில் ஒரு தொல்லை. தொலை லென்ஸ் மிருகத்தை எத்தனை மடங்கு பெரிதாக்குமோ, படகின் ஆட்டத்தையும் அத்தனை மடங்கு பெரிதாக்கும். என்ஜினை நிறுத்த வேண்டும். அலை அடங்க வேண்டும். மூச்சையும் அடக்க வேண்டும். நம் ஒகேனக்கல் பரிசலோ இதைவிட மோசம். முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. வட்டமாக இருக்கிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பரிசல்காரர் துடுப்பைப் பிடித்து ஒரு கணம் நிறுத்தும்போது எடுத்தால்தான் உண்டு. அந்த ஒரு கணத்துக்காக ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பதைத்தான் நம் பெரியவர் சோறு போடுமா என்று கேட்கிறார்.

நீதிபதிகளுக்கும் கேமராவுக்கும் பழைய உறவு உண்டு. இங்கிலாந்தில் 'லார்டு சீஃப் பேரன்' என்னும் உயர்ந்த நீதிபதி பதவியில் இருந்த சர் ஃபிரடரிக் போலக், 1855 முதல் 1869 வரை லண்டன் புகைப்படச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். இலங்கையில் உச்சநீதிமன்ற நீதிபதி ஹென்றி லாரன்ஸ் வென்ட் அங்கே புகைப்படக் கலையை ஆதரித்தவர்களில் ஒருவர். அவர் மகன் லயனல் வென்ட் சட்டம் படித்தும் அதில் நிலைக்காமல் பியானோவிலும் கேமராவிலும் இறங்கி, இலங்கையின் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞராக விளங்கினார். ஏன் இந்த உறவு என்று நான் யோசித்ததுண்டு. எனக்கு விடை கிடைத்தது புத்தகத்தில் அல்ல, தளி ரோட்டில்.

அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

இங்கே யானை எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். மழைக்குப் பின் கேழ்வரகு கதிர் முற்றும் நாளில் பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பி, ஜவளகிரி வழியாக இறங்கி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று வந்து சேரும். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தீனி வேண்டும். ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் ஓர் ஏக்கர் என்ன ஆகும்? நான் இந்தப் பக்கம் வந்த புதிதில், நம் கிளைப் பங்கு ஒன்றில் கணவனை இழந்த ஒரு சகோதரியின் காட்டில் அப்படித்தான் ஆயிற்று. நிவாரணம் கேட்டு மனு எழுதினோம். மனுவோடு புகைப்படம் இணைக்க வேண்டும் என்றார்கள். நானே எடுத்தேன். அந்த அம்மாவை வயலுக்கு நடுவில், வெயிலைப் பார்க்க நிறுத்தி, நேராக நிற்கச் சொல்லி, புதுநன்மைப் படம் எடுப்பதுபோல எடுத்தேன். முகம் நன்றாக விழுந்திருந்தது. மிதிபட்ட கேழ்வரகு விழவில்லை. வயலின் எல்லை விழவில்லை. யானையின் கால்தடம் ஒன்றுகூட விழவில்லை. சேதம் தெரியவில்லை என்று மனு திரும்பி வந்தது. மறுபடி எடுக்கப் போனபோது, மிஞ்சிய தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டிருந்தார் அவர். வேறு என்ன செய்வார், மாடு பட்டினி கிடக்குமா? அந்த வருடம் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. "பரவாயில்ல சாமி, நீங்க வந்து எடுத்தீங்களே, அதுவே போதும்" என்றார். யானை பாதியைத் தின்றது. மீதி நட்டம் என்னால் வந்தது. இன்றுவரை அந்த வீட்டுக்குப் போனால் நான் காப்பி குடிக்கச் சங்கடப்படுகிறேன்.

போன கார்த்திகை மாதம் அதே ஊரில் வேறொரு வீட்டாரின் வயலில் யானை இறங்கியது. இந்த முறை நான் என் போனை எடுக்கவில்லை. பரிசலில் உட்கார்ந்து படமெடுக்கும் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். இரவு ஷிப்டு முடித்து வந்தவன் தூங்காமல் நேரே வந்தான். வந்ததும் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. வயலைச் சுற்றி ஒருமுறை நடந்தான். வெயில் சாய்வாக விழுந்தால்தான் கால்தடத்தின் பள்ளம் படத்தில் தெரியும் என்று சொல்லிவிட்டு, காலை ஏழு மணி வெயிலிலேயே தடங்களை எடுத்தான். ஒவ்வொரு தடத்துக்குப் பக்கத்திலும் அளவு டேப்பை வைத்து எடுத்தான். எல்லைக்கல் தெரிய ஒன்று, மின்கம்பத்தின் எண் தெரிய ஒன்று, மிதிபட்டதும் மிதிபடாததும் ஒரே சட்டத்தில் தெரிய ஒன்று. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய யானையின் தோள் உயரம் வரும் என்பது காட்டில் பழகியவர்கள் அறிந்த கணக்கு. அவன் அளந்து பார்த்து, பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு, குட்டி ஒன்று என்றான். "சாமி, ஆறு யானைன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. தடம் நாலுதான் சொல்லுது. நாலுன்னே எழுதுங்க" என்றான். வயல்காரருக்குக் கோபம். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்தான். நாலு என்றே திருத்தி எழுதினோம். மனு திரும்பி வரவில்லை. பணம் வந்தது.

அந்த விடிகாலையில் அவன் செய்தது விசாரணை. ஓவர்டைமுக்குப் போயிருந்தால் அந்தக் கண் அவனுக்கு வாய்த்திருக்காது. பெரியவரே, உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். சோறு போடுமா என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டுக்குப் போட்டதா, தெரியாது. கிளைப் பங்கில் ஒரு வீட்டுக்கு ஒரு வருடத்துக்குப் போட்டிருக்கிறது. அவன் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டான். அவன் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொண்டால், அதை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்கிறேன். கேமராவுக்குச் சம்பளத்தில் பாதி என்பது எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது, தம்பி. அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

இன்னும் ஒன்றே ஒன்று. இந்தக் கண்காட்சியில் பதினேழாம் எண் படம் அவன் எடுத்தது. போன தை மாதம் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம், யானைகளை விரட்ட வெடி போட்ட ராத்திரிக்கு மறுநாள் எடுத்தது. ஒரு தாய் யானை. அதன் வயிற்றுக்கு அடியில் குட்டி. பின்னால் தூரத்தில் நம் தொழிற்சாலைகளின் விளக்குகள். அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறது. முன்பு காடாக இருந்த இடம், அதற்கு வழி நினைவிருக்கிறது. நாம் சுவர் எழுப்பியது நினைவில் இல்லை. இந்தப் படத்தை மாட்டலாமா வேண்டாமா என்று இளைஞர் மன்றத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. பயிரை இழந்தவர்கள் வந்து பார்க்கும் இடத்தில் யானைக்கு வக்காலத்து வாங்கும் படம் எதற்கு என்றார்கள் சிலர். அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. வழக்கில் இன்னொரு தரப்பும் ஆஜராகட்டுமே என்று நான்தான் மாட்டச் சொன்னேன். அதற்கு நேர் எதிரில் பதினெட்டாம் எண்ணாக, மிதிபட்ட அந்தக் கேழ்வரகு வயலின் படம் இருக்கிறது, டேப்போடு. இரண்டுக்கும் நடுவில் நின்று பாருங்கள்.

ரிப்பன் கட்டியிருக்கிறார்கள், கத்தரிக்கோலைத்தான் காணோம். அதைத் தேடிக்கொண்டு வருவதற்குள் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பக்க வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். கம்பெனி பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. பெரியவரே, நீங்கள் என்னோடு வாருங்கள். பதினேழாம் எண்ணிலிருந்து ஆரம்பிப்போம்.